நான்கு வலது கால்களுள்ள சிறுத்தை

எங்கள் தோணிமேட்டில் சிறுத்தை இல்லை என்று நாற்பது வருஷமாகச் சொல்லிவந்தவன் நான், அப்படிச் சொன்னதற்காகவே நல்ல வேலையை இழந்தவனும் நான். அந்த நான் கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றுகொண்டிருக்கும்போதே, மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, வெயில் நன்றாக விழுந்திருந்த நேரத்தில், மேகவாசல் ரிசார்ட்டின் ரோஜாப் பாத்தியிலிருந்து ஒரு சிறுத்தை எழுந்தது. எழுந்து உடம்பை நீட்டி முறித்தது, கொட்டாவி விட்டது, கேட்டைத் தாண்டி டீக்கடைப் பக்கமாக நடந்தது. அதற்கு நான்கு கால்கள் இருந்தன. நான்கும் வலது முன்கால்கள்.

அது எப்படி வந்தது என்பதைவிட, அதற்கு முன்னால் எனக்கு யார் என்ன செய்தார்கள் என்பது முக்கியம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் வீரணன். இரண்டாம் வகுப்புவரை போனேன், என் பெயரை எழுதத் தெரியும். ரிசார்ட் கட்டியபோது கடைக்காலுக்குக் கல் சுமந்தேன், கட்டி முடித்ததும் விருந்தாளிகளைக் காலை நடைக்குக் கூட்டிப்போகும் வேலையைக் கொடுத்தார்கள், ஒன்பது வருஷம் கூட்டிப்போனேன். பலாமரத்து உச்சியில் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் மலையணிலைக் காட்டினேன், ஓடைப் பாறையில் நின்று ஆளைப்போல விசிலடிக்கும் கருநீலக் குருவியைக் காட்டினேன், காப்பிச் செடிகளுக்குள் கல்லைப்போல அசையாமல் நிற்கும் காட்டுமாட்டையும், நாயைப்போலக் குரைக்கும் கேளையாட்டையும், கரடி பிய்த்துப்போட்ட புற்றையும், மிளா கொம்பை உரசிப் பட்டை உரிந்த மரத்தையும் காட்டினேன், அட்டை கடித்த கால்களுக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிவிட்டேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். சிறுத்தை எங்கே?

சிறுத்தை இல்லை என்று சொன்னேன். எனக்கு இருபது வயது இருக்கும்போது, செத்த கன்றுக்குட்டிக்குள் மருந்து வைத்துக் கடைசிச் சிறுத்தையைக் கொன்றார்கள், கம்பில் கட்டித் தூக்கிவந்த நான்கு பேரில் நானும் ஒருவன், வழியெல்லாம் அதன் பாதங்கள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தன, இறக்கிவைத்தபின் நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கள் மண்ணில் அந்தக் கால் படவில்லை. இல்லாததை இல்லை என்று சொல்ல நான் பயப்பட்டதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் இதைப் புகாராக எழுதிவைத்துவிட்டுப் போனது. மறுநாள் மேனேஜர் ஜெயசீலன் என்னைச் சமையல்கட்டு வாசலுக்குக் கூப்பிட்டார். அவர் திண்டுக்கல்காரர், என்னைவிட இருபது வயது சின்னவர்.

"ஏன் வீரணா, இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு எதுக்குய்யா? அதைத் திண்டுக்கல்ல இருந்தே நான் சொல்லிருவேனே."

சமையல்கார ஆரோக்கியம் சிரித்தார், பாத்திரம் கழுவுகிறவர்கள் சிரித்தார்கள், பால் கொண்டுவந்திருந்த டீக்கடை மரியபுஷ்பமும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மேனேஜர் என் கையில் தண்ணீர்க் குழாயைக் கொடுத்து ரோஜாப் பாத்தியைக் காட்டினார். அன்றிலிருந்து ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அந்தக் கோபத்துக்கும் கொஞ்சம் ஊற்றினேன், இரண்டும் நன்றாக வளர்ந்தன. அதே சமையல்கட்டு வாசலில், அதே ஆட்கள் முன்னால், "வீரணன் சொன்னதுதான் சரி" என்று ஜெயசீலன் ஒருமுறை சொல்ல வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

என் இடத்துக்கு நிகில் வந்தான். காட்டைப் பற்றிக் கல்லூரியில் படித்தவன், கழுத்தில் தூரக்கண்ணாடி, பையில் பறவைப் புத்தகம், நல்ல பையன்தான், ஆனால் என் இடத்தில் நின்றான். அவன் எங்கோ படிக்கப்போன காட்டில் ஒரு சிறுத்தையின் தடத்தில் வெள்ளை மாவைக் குழைத்து ஊற்றி, இறுகியதும் எடுத்துவைத்திருந்தான். பார்க்க அப்படியே ஒரு பாதம். அதை மேனேஜர் மேசைமேல் பார்த்த நாளில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. விடியற்காலையில் நிகில் ஓடைக்கரைச் சேற்றில் அந்தப் பாதத்தை அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும், ஏழு மணிக்கு விருந்தாளிகள் வந்து தாங்களாகவே தடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள், தடத்துக்குப் பக்கத்தில் தங்கள் உள்ளங்கையை வைத்துப் படம் எடுத்தார்கள், அடுத்த மாதம் சொந்தக்காரர்களை அனுப்பிவைத்தார்கள்.

முதல் நாளே நான் பார்த்துவிட்டேன். சிறுத்தைக்கு முன்பாதம் அகலம், பின்பாதம் ஒடுக்கம். நான்கு விரல்களில் ஒன்று மற்றவற்றைவிட முன்னால் நிற்கும், வலது பாதத்தில் அது இடப்பக்கமாக இருக்கும், இடது பாதத்தில் வலப்பக்கமாக இருக்கும். ஓடைக்கரையில் இருந்ததெல்லாம் ஒரே வலது முன்பாதம். படித்தவன் செய்த வேலை. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டால் உடனே கொட்டிவிடுவது என் வழக்கமில்லை, வைத்திருந்து, அது கனத்த பிறகு சொல்வேன்.

மூன்று மாதம் நிகில் அழுத்தினான், மூன்று மாதம் விருந்தாளிகள் நம்பினார்கள், ஒரு நாள் அழுத்தாத இடத்திலும் தடம் வந்தது. நான் முந்தின மாலை கொத்தி நனைத்திருந்த ரோஜாப் பாத்தியில், எடை ஏறி, குதிகால் ஆழமாகப் பதிந்து, உள்ளே விரலை வைத்தால் இளஞ்சூடாக இருந்தது. அடுத்த நாள் தடத்தோடு மயிர் கிடந்தது. அதற்கடுத்த நாள் மூச்சுச் சத்தம் கேட்டது. நிகிலின் பெட்டியில் பாதம் சுற்றியிருந்த துணி மட்டும்தான் இருந்தது என்று பிறகு சொன்னான். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மீதி உடம்பும் வந்து சேர்ந்தது.

அது நேராக நடக்கவில்லை. நான்கும் வலது காலாக இருந்தால் நேராக நடக்க முடியாது, உடம்பு இடப்பக்கமாகவே வளைந்துகொண்டு போகும். ரிசார்ட் கேட்டிலிருந்து மரியபுஷ்பத்தின் டீக்கடை, டீக்கடையிலிருந்து பஸ் நிறுத்தம், அங்கிருந்து காப்பிக் களம், பள்ளிக்கூடம், மாதா சிலை இருக்கும் கல் கெபி, ஓடை, மறுபடி ரோஜாப் பாத்தி என்று தோணிமேட்டை ஒரு பெரிய வட்டமாகச் சுற்றிவர அதற்கு நண்பகல் ஆனது. வந்து பாத்தியில் படுத்தது. மறுநாள் எட்டு மணிக்கு எழுந்து அதே வட்டத்தை அதே இடங்களில் கால் வைத்துச் சுற்றியது.

இரண்டு நாள் எல்லாரும் கதவைச் சாத்தியிருந்தார்கள். மூன்றாம் நாள் பால் திரிந்துவிடும் என்று மரியபுஷ்பம் கடையைத் திறந்தாள். சிறுத்தை கடை வாசலைக் கடந்தபோது அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "ஓரமாப் போப்பா" என்றாள். அது ஓரமாகத்தான் போனது. நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன, ஏனென்றால் அதனிடம் சிறுத்தை வாடை இல்லை, பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டின் ஈரச்சுவர் வாடைதான் இருந்தது. ஆடுகள் கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே மேய்ந்துகொண்டு போயின.

காப்பிக் களத்தில் பழம் காயவைத்திருந்த பெண்கள், அது மிதித்துக்கொண்டு போகிறதே என்று அன்றைக்குத் திட்டினார்கள், மறுநாள் பழத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கி நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வழி விட்டார்கள், அதற்கடுத்த நாள் அந்த வழி எப்போதும் அங்கே இருந்தது போலாகிவிட்டது. ஒன்பதேகால் பஸ், நிறுத்தத்தில் நின்று அதைப் போகவிட்டுத்தான் கிளம்பியது, கண்டக்டர் அந்த நேரத்தில் ஒரு வடை தின்றுகொண்டார். பள்ளிக்கூடத்தில் அது மதில் ஓரம் வரும்போது இடைவேளை மணி அடித்தார்கள், மணி அடிக்கிற வாட்ச்மேன் கடிகாரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். சர்க்கரை வியாதிக்காரரான ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் லூர்துசாமி, டாக்டர் நடக்கச் சொன்னதை எட்டு வருஷம் தள்ளிப்போட்டிருந்தவர், சிறுத்தைக்குப் பத்தடி பின்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். "அவருக்கும் தனியா நடக்கச் சடைப்பா இருக்கும்ல" என்றார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் காப்பி டம்ளரோடு வாசலில் நின்று அதைப் பார்த்தார்கள், பெண்ணைப் பார்க்காமலேயே சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அந்தக் கல்யாணம் நல்லபடியாகத்தான் நடந்தது. சிறுத்தை போனதும் வா, சிறுத்தை வருமுன்னே துணியை எடுத்துவிடு என்று ஊரில் பேச்சு மாறியது.

ரிசார்ட் நிறைந்து வழிந்தது. வரவேற்பறையில் 'சிறுத்தையுடன் நடை, தினமும் காலை எட்டு மணி, குடை கொண்டுவரவும்' என்று பலகை வைத்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட விருந்தாளிகள் முப்பது பேர் லூர்துசாமிக்குப் பின்னால் நடந்தார்கள். மலையணில் தலைக்குமேலே கத்தியது, கருநீலக் குருவி விசிலடித்தது, ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேனேஜர் என்னைக் கடக்கும்போதெல்லாம், "என்ன வீரணா, சிறுத்தை இருக்கா, இல்லையா?" என்று கேட்பார். ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். என்னிடம் நான்கு வலது கால்கள் இருந்தன. அவை கனத்துக்கொண்டிருந்தன.

ஊரே பார்க்காத ஒன்றை நான் மட்டும் பார்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அது படுத்தது என் பாத்தியில். தினமும் நண்பகலில் வந்ததும் அது பக்கத்திலிருந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறப் பார்க்கும். தாவுவதற்குப் பின்னங்கால் வேண்டும். அதற்குப் பின்னால் இருந்ததும் கைகள்தான். நான்கு கைகளாலும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்கும், பிறகு சறுக்கிக் கீழே வந்து உட்காரும். முதலில் விருந்தாளிகள் கைதட்டினார்கள். தாவ முடியாததால் வேட்டையாட முடியவில்லை, வேட்டையாடாததால் ஓடைத் தண்ணீரைத் தவிர எதுவும் அதன் வயிற்றுக்குள் போகவில்லை. மரியபுஷ்பம் கோழிக்கால் போட்டாள், ஆரோக்கியம் ஆட்டு ஈரல் போட்டார், அது முகர்ந்துவிட்டு, மனிதன் போட்டதைத் தின்னாத பிறவியாக நடந்துபோனது. எட்டாம் நாள் விலா எலும்புகளை எண்ண முடிந்தது. பத்தாம் நாள் எண்ண வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு மதியம் நிகில் பாத்திக்கு வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"வீரணன் அண்ணா, உங்களுக்கு முதல்லயே தெரியும்தானே?"

"என்னது?"

"கால்."

"எனக்கு என்ன தெரியும் தம்பி? ரெண்டாவது படிச்சவன். நீங்கதான் படம் போட்ட புத்தகம் வச்சிருக்கீங்க."

"தப்பு என்னோடதுதான். ஃபாரஸ்ட் ரேஞ்சர் மேடத்துக்கு நானே போன் பண்ணிட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வர்றாங்க. காலைப் பாப்பாங்க. கால் சரியில்லாத மிருகம் காட்டுல பிழைக்காது, கூண்டுல ஏத்திக் கீழ மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோயிரணும்ங்கிறதுதான் அவங்க சட்டம். அங்க சோறாவது போட்டு..."

"சோறா?" என்றேன். "அது நம்ம போட்டதைத் தின்னுதா?"

சிறுத்தை கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"தடம் பாக்க ஆள் வேணும்னு கேட்டாங்க. நான் உங்க பேரைச் சொல்லியிருக்கேன்," என்றான் எழுந்துகொண்டே. "எல்லாரும் இருப்பாங்க. மேனேஜர் சாரும். நீங்க சொல்றதைத்தான் எழுதுவாங்களாம்."

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வயிறார மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு ரேஞ்சரம்மா, மேனேஜர், ஆரோக்கியம், புஷ்பம், விருந்தாளிகள் எல்லாரும் நிற்க, நான் ஒரு குச்சியால் நான்கு தடங்களையும் தொட்டுக்காட்டி, இது எங்கள் மலைச் சிறுத்தை இல்லை, இது மேனேஜர் மேசைமேல் இருந்த ஒரே கால், எங்கள் மலையில் சிறுத்தை இல்லை என்று நான் சொன்னது சரி என்று சொல்வேன். ஜெயசீலன் எல்லார் முன்னாலும் ஆமாம் என்று சொல்லியாக வேண்டும். அப்புறம் கூண்டு வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும்.

சாப்பிட்டு முடித்துப் பாத்திக்கு வந்தேன். சிறுத்தை மறுபடியும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. சறுக்கி இறங்கியது. இந்தத் தடவை உட்காரவில்லை, அப்படியே சாய்ந்துவிட்டது. மேலே இருந்த காலை நக்கியது, நக்கிய இடம் வெள்ளையாக இருந்தது. அது என்னைப் பார்த்ததா, எனக்குப் பின்னால் மேட்டிலிருந்த சோலைக்காட்டைப் பார்த்ததா என்று தெரியாது. நான் அதைத் திட்டினேன். என் வாழ்நாளில் எனக்குக் கிடைக்கப்போகிற ஒரே ஒரு சனிக்கிழமையைக் கெடுக்கத்தான் வந்தாயா என்று சத்தமாகவே கேட்டேன். குழாயை மூடிவிட்டு டீக்கடைக்குப் போனேன்.

புஷ்பம் கடையின் பின்பக்கம், போன வருஷம் வெட்டிப்போட்ட பழைய காப்பி மரக்கட்டைகள் கிடந்தன. காப்பி மரம் இரும்பைப்போல இருக்கும், வெடிக்காது, நுணுக்கமாகச் செதுக்கலாம். மூன்று கட்டைகளைப் பொறுக்கி எடுத்து உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, திடீர்னு தச்சு வேலை? விறகுக்கு வச்சிருக்கேன் அதை."

"ஒரு டீ குடு. சூடாக் குடு. பாத்திரம் கழுவுறவங்களோட சேந்து என்னையப் பாத்துச் சிரிச்ச அன்னைக்கு ஆறின டீயைக் குடுத்த நீ."

"அட சாமி! அது நடந்து மூணு வருசம் ஆச்சு."

"மூணு வருசம் ரெண்டு மாசம்."

அவள் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு செதுக்கினேன். இருபது வயதில் கையில் பிடித்துப் பார்த்த பாதங்கள் என் விரல்களில் இருந்தன. இடது முன்கால் வெள்ளிக்கிழமை காலையில் முடிந்தது, வலது பின்கால் மதியத்தில் முடிந்தது, இடது பின்கால் விளக்கு வைக்கிற நேரத்தில் முடிந்தது. ஒவ்வொன்றையும் புஷ்பத்தின் மாவுச் சட்டியில் அழுத்திப் பார்த்தேன், அவள் மூன்று தோசை வீணாகிவிட்டது என்று முனகினாள்.

"மூணுதான் இருக்கு. நாலாவது?"

"நாலாவது அதுகிட்ட இருக்கு. வலது முன்னங்கால் அதுக்குச் சரியாத்தான் இருக்கு."

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, இது நேராப் போயிருச்சுன்னா, நாளைக்கு நீ சொல்றதுக்கு என்ன இருக்கு? ஜெயசீலன் உன்னையச் சும்மா விடுவாரா? செத்தாலும் சொல்லிக் காட்டுவாரே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"இன்னொரு டீ குடு," என்றேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்குச் சிறுத்தை எழுந்தபோது நான் காப்பிக் களத்தின் வளைவில் இருந்தேன். அந்த இடத்தில்தான் வட்டம் சோலைக்கு மிகப் பக்கத்தில் வருகிறது. களத்துப் பெண்களிடம் சொல்லி, அங்கிருந்து மேட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றவைத்தேன், எதற்கென்று அவர்கள் கேட்கவில்லை, சிறுத்தை வந்த பிறகு எங்கள் ஊரில் எதற்கென்று கேட்பது குறைந்துவிட்டது. குனிந்து அழுத்த ஆரம்பித்தேன். இடது முன்கால். அடுத்து வலது முன்கால் விழ வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டேன். முன்கால் வைத்த இடத்துக்கு ஒரு விரற்கடை பின்னால் வலது பின்கால், எட்டி இடது பின்கால், மறுபடி இடது முன்கால், மறுபடி ஒரு வெற்றிடம். இடுப்பு விட்டுப்போனது. பாதையில் வளைவு வந்த இடத்திலும் நான் வளையவில்லை, சோலை விளிம்புவரை ஒரே நேராக அழுத்திக்கொண்டு போனேன்.

நான் திரும்பிக் களத்துக்கு வந்தபோது சிறுத்தை வந்துகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் லூர்துசாமி, அவருக்குப் பின்னால் தொப்பிகள், தொப்பிகளுக்கு முன்னால் ஓடிவந்தார் மேனேஜர்.

"ஏய் வீரணா! என்னய்யா பண்ற? யாரைக் கேட்டு அங்க தண்ணி ஊத்துன? தள்ளுய்யா, வழியை மறைக்காத!"

நான் தள்ளவில்லை. வட்டப் பாதையின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சிறுத்தை எனக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. பன்னிரண்டு நாளில் அது நடுவழியில் நின்றது அதுதான் முதல் தடவை. ஈரச்சுவர் வாடை அடித்தது. அது தலையைத் தாழ்த்தி முதல் தடத்தை முகர்ந்தது, தன் முன்னால் இருந்த இரண்டு வலது கால்களில் ஒன்றைத் தூக்கி, கொஞ்ச நேரம் காற்றிலேயே வைத்திருந்து, இடது காலின் தடத்துக்குள் வைத்தது. எடுத்தபோது அது இடது காலாக இருந்தது. அடுத்து, நான் வெறுமையாக விட்டிருந்த இடத்தில் தன் சொந்தக் காலை வைத்தது. பின்கால் பின்காலுக்குள் போனது, வெளியே வரும்போது ஒடுங்கி, தொடையில் சதை திரண்டு வந்தது. நான்காவது அடியில் உடம்பு குலுங்கியது. பத்தாவது அடியில் அதன் மேலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்தது. நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து, வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு வீடுகளுக்குள் ஓடின, ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. தொப்பிக்காரர்களில் ஒரு அம்மாள் கத்தினாள், பன்னிரண்டு நாளில் யாரும் சிறுத்தையைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. லூர்துசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இனிமே நான் தனியாவே நடந்துக்கிறேன்" என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

சோலை விளிம்பில் ஒரு ஆள் உயரத்துக்குப் பாறை இருக்கிறது. சிறுத்தை ஓடவில்லை, பதுங்கவில்லை, நின்ற இடத்திலிருந்து ஒரே தாவலில் அதன்மேல் ஏறியது. அதற்கப்புறம் மரங்கள்தான் இருந்தன.

ரேஞ்சர் தனக்கொடி பத்து மணிக்குச் சரியாக வந்துவிட்டார். கூண்டு வண்டியைக் களத்து ஓரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, பாதை நெடுகக் குனிந்து குனிந்து பார்த்தார், டேப் வைத்து அளந்தார். முப்பது வயதுப் பெண், வேலை தெரிந்தவர், விரல் வரிசையைத்தான் முதலில் பார்த்தார். அவருக்குப் பின்னால் மேனேஜர், நிகில், ஆரோக்கியம், புஷ்பம், களத்துப் பெண்கள், விருந்தாளிகள் எல்லாரும், நான் எப்படி நினைத்திருந்தேனோ அப்படியே நின்றார்கள்.

"கால் சரியில்லைன்னு சொன்னாங்க," என்றார் ரேஞ்சர். "இவ்வளவு அருமையான தடத்தை நான் பார்த்ததே இல்லை. இடது, வலது, முன்னு, பின்னு எல்லாம் அச்சு மாதிரி இருக்கு. இதை ஏன் புடிக்கணும்?"

நிகில் வாயைத் திறந்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

மேனேஜருக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது, நடந்ததை அவரும் கண்ணால் பார்த்தவர்தான், ஆனால் சுதாரித்துக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். "பாத்தீங்களா மேடம்? எங்க ரிசார்ட் கண்டுபிடிச்ச சிறுத்தை. இந்தா நிக்கிறாரே, இவரு நாப்பது வருசமா இங்க சிறுத்தையே இல்லைன்னு சொல்லி வர்ற கெஸ்டையெல்லாம் ஓட்டிவிட்டவரு!"

ரேஞ்சர் நோட்டைத் திறந்து என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் வீரணனா? உங்களைத்தான் கேக்கணும்னு வந்தேன். சொல்லுங்க பெரியவரே, இந்த மலையில சிறுத்தை இருக்கா, இல்லையா? நீங்க சொல்றதை எழுதி உங்ககிட்டக் கையெழுத்து வாங்கிக்கிறேன்."

நான் ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்தேன். கட்டைகள் மூன்றும் என் வேட்டி மடிப்பில் இருந்தன, அவற்றை எடுத்துக் கீழே போட்டால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அதற்குப் பிறகு இந்தத் தடங்களை யாரும் நம்ப மாட்டார்கள், ஆட்களும் வலையும் சோலைக்குள் போவார்கள்.

"இருக்குதும்மா," என்றேன்.

முதலில் சிரித்தது ஆரோக்கியம், பிறகு மேனேஜர், பிறகு மற்றவர்கள். வரிசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. நான் நோட்டை வாங்கி, எழுத்துக் கூட்டி என் பெயரை எழுதிக்கொடுத்தேன்.

"எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டார் ரேஞ்சர்.

"நேராப் போச்சும்மா," என்றேன்.